கருங்காலி ராணியில் விழுந்த வெடிப்பு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபருக்கும் 2025 மார்ச்சுக்கும் இடையில் மரத்தாலான சதுரங்கக் காய்கள், பலகை என்று நான் தவறாகச் செலவழித்த பணம் 61,450 ரூபாய். அதில் போராடித் திரும்பப் பெற்றது 9,000. இப்போது என் மாமாவும் நானும் தினமும் ஆடுகிற காய்களும் பலகையும் சேர்த்தே 14,300 ரூபாய்தான். இதைத்தான் வாங்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்ல எனக்கு ஆள் இல்லை. மரக்காய் வைத்திருப்பவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் சொன்னால் "செஸ் காய்க்கா இவ்வளவு?" என்பார்கள். வீட்டில் உண்மையான விலையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. பட்டதையெல்லாம் தனியாகத்தான் பட்டேன். அதனால் ஒன்றையும் மறைக்காமல் வரிசையாக எழுதுகிறேன்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. மாலையில் நான் அலுவலகத்திலிருந்து வந்து காப்பி போட்டதும் இருவரும் ஓர் ஆட்டம் ஆடுவோம். எனக்குக் கல்யாணமான வருடத்திலிருந்து நடக்கும் வழக்கம் இது. பழைய பிளாஸ்டிக் காய்கள்தான். அதில் ஒரு வெள்ளைச் சிப்பாய் தொலைந்துபோய், அதன் இடத்தில் இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி பல வருடங்களாகச் சேவகம் செய்துகொண்டிருந்தது. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது மாமாவை அழைத்துப்போனேன். வரிசை வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் மரக்காய்கள். மாமா ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்தக் காயெல்லாம் நல்ல கனமாக இருக்கும் போலிருக்கிறது அம்மா." அவர் எதையும் கேட்கிறவர் இல்லை. அந்த ஒரு வாக்கியம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

அந்த அக்டோபரில் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் 'ரோஸ்வுட்' என்று போட்டிருந்த காய்களை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு அங்குல ராஜா. படத்தில் பிரமாதமாக இருந்தது. வீட்டிலிருந்த பலகையில் அடுக்கிய உடனே தவறு தெரிந்துவிட்டது. பலகையின் கட்டம் 50 மில்லிமீட்டர், ராஜாவின் அடிவட்டம் 47 மில்லிமீட்டர். திருவிழாக் கூட்டத்தில் நிற்பதுபோலக் காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மாமா மந்திரியை நகர்த்தினால் பக்கத்துக் குதிரையும் சேர்ந்து நகர்ந்தது. காய்க்குப் பொருத்தமான கட்டத்தின் அளவைக் கணக்கிட வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கணக்கு எளிமையானது. ராஜாவின் அடிவட்டம் கட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கு, அல்லது அதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் கண்ணுக்கும் கைக்கும் இதமாக இருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு: ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை ஒட்டி நிறுத்திப் பாருங்கள், நான்கும் அடங்க வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடே, போட்டிக் காய்களுக்கு ராஜாவின் உயரம் 9.5 சென்டிமீட்டர் இருக்கலாம் என்கிறது. அதாவது சுமார் மூன்றே முக்கால் அங்குலம். அந்த ராஜாவுக்கு அடி 44 மில்லிமீட்டர் இருந்தால் கட்டம் 57 மில்லிமீட்டர் வேண்டும். அப்படியானால் எட்டுக் கட்டத்துக்கு 456 மில்லிமீட்டர், ஓரச் சட்டத்தையும் சேர்த்தால் பலகை அரை மீட்டரைத் தாண்டிவிடும். உங்கள் மேசையில் அது உட்காருமா, உட்கார்ந்தபின் காப்பி டம்ளர் வைக்க இடம் இருக்குமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் காய்க்கே போக வேண்டும். விற்பவர்கள் ராஜாவின் உயரத்தை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் அடிவட்டத்தைக் கேளுங்கள்.

அந்தக் காய்களில் இன்னொரு வேதனையும் காத்திருந்தது. ஒரு மாதம் ஆடியபின் மாமாவின் விரல் நுனியில் செம்பழுப்பு நிறம் ஒட்டியது. அடியிலிருந்த பச்சைத் துணியின் ஓரத்தைப் பிரித்து, உள்ளே பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன். பஞ்சு முழுவதும் சாயம். உள்ளே இருந்தது வெளிறிய ஏதோ ஒரு மரம். சாயம் ஏற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பாக்ஸ்வுட் என்னும் வெளிர்மஞ்சள் மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றி அதைச் சொல்லியே விற்கிறார்கள். விலை குறைவு, வெடிப்பும் குறைவு, நன்றாக உழைக்கும். சாயத்தை மரமென்று சொல்லி விற்பதுதான் மோசடி. ரசீதில் மரத்தின் பெயர் எழுதியிருக்கிறதா, சாயம் ஏற்றியது என்றால் அதுவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர்களிலும் குழப்பம் அதிகம். வட இந்தியாவில் ஷீஷம் எனப்படும் பொன்பழுப்பு மரத்தையும் ரோஸ்வுட் என்கிறார்கள், நாம் ஈட்டி அல்லது தோதகத்தி என்கிற மரத்தையும் ரோஸ்வுட் என்கிறார்கள். இரண்டும் ஒரே இனக் குடும்பம்தான், ஆனால் நிறமும் விலையும் வேறு. படாக் என்று செக்கச் செவேலென ஒன்று வரும். நம் வேங்கைக்கு உறவு. அந்தச் சிவப்பில் மயங்கிவிடாதீர்கள், வெளிச்சம் பட்டுப்பட்டு ஒன்றிரண்டு வருடத்தில் பழுப்பாகிவிடும். அதையே செம்மரம் என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான செம்மரமாக இருந்தால் அதற்குரிய சட்டப் பத்திரங்கள் இருக்க வேண்டும்.

இனிதான் பெரிய அடி. 2023 பிப்ரவரியில் எனக்கு நிலுவைச் சம்பளம் வந்தது. இந்த முறை நல்லதாக, வாழ்நாளுக்கும் ஒன்றே ஒன்று என்று முடிவு செய்தேன். உலகத்தின் நல்ல மரச் சதுரங்கக் காய்களில் பெரும்பகுதி உருவாவது நம் நாட்டில்தான், பஞ்சாபின் அமிர்தசரஸில். வெளிநாட்டுப் பெயர் போட்டு விற்கும் காய்களில் பலவும் அங்கே கடைந்தவைதான். ராஜா, ராணி, மந்திரி, யானை, சிப்பாய் ஆகியவை கடைசலில் உருண்டு வருபவை. யானை என்று நாம் சொன்னாலும் அது கோட்டை வடிவில்தான் இருக்கும். குதிரை மட்டும் கடைசலுக்கு அடங்காது. பிடரி, மூக்குத் துவாரம், பல் என்று உளியால் செதுக்க வேண்டும், அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். காய்களின் விலையில் பெரும் வித்தியாசத்தை உண்டாக்குவது அந்த நாலு குதிரைகள்தான். இதையெல்லாம் இரவில் உட்கார்ந்து படித்தேன். நேரடியாகப் பட்டறையிலிருந்து விற்பதாகச் சொன்ன ஒருவரிடம், கருங்காலியும் பாக்ஸ்வுட்டும் கொண்ட மூன்றே முக்கால் அங்குலக் காய்களை 31,400 ரூபாய்க்குச் சொன்னேன். கூடுதலாக இரண்டு ராணிகள், ஆக 34 காய்கள். கூடுதல் ராணி அவசியம் கேட்டு வாங்குங்கள். சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போய் ராணியாகும்போது யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிற அவஸ்தை இருக்காது.

மார்ச்சில் பெட்டி வந்தது. அந்த மாலையை நான் மறக்க மாட்டேன். மாமா கருப்புக் குதிரையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பேசாமல் அதைத் தன் கட்டத்தில் வைத்தார். ஈயம் வைத்த காய் துணியடியோடு பலகையில் இறங்கும்போது ஒரு சத்தம் வரும், 'தப்' என்று, மிக மெல்லியதாக. பிளாஸ்டிக்கில் ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் அது வராது. காயை எடுப்பதற்கு முன் இன்னொரு தரம் யோசிக்க வைக்கிற கனம் அது. நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். விலை என்ன என்று கணவர் கேட்டார். "எட்டாயிரம்" என்றேன்.

ஏப்ரலில் வெயில் ஏறியது. பெட்டியை எங்கள் படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தேன். அந்த அறையில் இரவு முழுவதும் ஏசி ஓடும். கடற்கரைக் காற்றில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்ற பயத்தில், செருப்புப் பெட்டிகளிலிருந்து சேர்த்து வைத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் எட்டைக் காய்ப்பெட்டிக்குள் போட்டேன். பத்திரப்படுத்துவதாக நினைத்துத்தான் செய்தேன். மே 14, ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியைத் திறந்தபோது கருப்பு ராணியின் இடுப்பிலிருந்து அடிவரை முடி போன்ற ஒரு கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் தடவினேன், நகம் உள்ளே இறங்கியது. ராஜாவிலும் ஒன்று, ஒரு யானையில் ஒன்று. ஒரு வாரத்தில் மேலும் இரண்டு காய்கள். அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. சம்பளப் பணம் போனது ஒரு பக்கம். பொய் சொல்லி வாங்கிய பொருள் கண்முன்னே பிளக்கிறதே என்ற குற்ற உணர்ச்சி இன்னொரு பக்கம்.

ஏன் வெடித்தது என்பதைப் பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டேன். காற்றின் ஈரத்தைப் பொறுத்து மரம் உப்பும், சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்கே அசையும். காயின் அடியில் துளையிட்டு ஈயமோ இரும்போ வைத்து அடைத்திருக்கிறார்கள். உலோகம் சுருங்காது. மரம் காய்ந்து சுருங்கும்போது நடுவில் இருக்கிற உலோகத்தை இறுக்கிப் பிடிக்கிறது, மேலும் சுருங்க வழியில்லாமல் ரேகை வாக்கில் பிளந்துவிடுகிறது. கருங்காலி போன்ற அடர்ந்த மரம் மெதுவாகத்தான் காயும். சரியாகக் காயாத கட்டையைக் கடைந்துவிட்டால் ஆபத்து அதிகம். என் காய்களில் அந்தக் குறையும் இருந்தது, நான் உண்டாக்கிய பாலைவனமும் இருந்தது. பிறகு 450 ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கினேன். ஏசி ஓடிய அறையில் காலையில் 43 சதவீதம், அதே நாள் மாலை பால்கனியில் 79. ஒவ்வொரு நாளும் இந்தக் குன்றில் ஏறி இறங்கச் சொன்னால் எந்த மரம் தாங்கும்? ஈரம் அதிகமா குறைவா என்பதைவிட அது தாறுமாறாக மாறாமல் இருப்பதுதான் முக்கியம். இப்போது காய்ப்பெட்டி ஏசி இல்லாத கூடத்தில், வெயில் படாத சுவரை ஒட்டிய அலமாரியில் மூடி இருக்கிறது. சிலிக்கா ஜெல் ஒன்றுகூடக் கிடையாது. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை எல்லாக் காய்களையும் வெளியே எடுத்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கிறேன். தினமும் ஆடினால் அந்த வேலைகூட மிச்சம். அப்போது பாக்ஸ்வுட் காய்களின் கீழே மாவுபோலப் பொடி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் வண்டு உளுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் காயை உடனே தனியே பிரிக்க வேண்டும்.

வெடிப்பைக் கண்டதும் நான் செய்ய இருந்த அடுத்த தவறை மயிரிழையில் தவிர்த்தேன். உடனடிப் பசையை வெடிப்புக்குள் விட்டு நிரப்பிவிடலாம் என்று டியூபைக்கூடத் திறந்துவிட்டேன். வறண்ட காலத்தில் விரிந்த வெடிப்பு ஈரக்காலத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். விரிந்திருக்கும்போது கெட்டியாக அடைத்துவிட்டால் மரம் மறுபடி உப்பும்போது இடமில்லாமல் வேறு இடத்தில் பிளக்கும். என் ராணியின் வெடிப்பு அந்த நவம்பரில் தேடினால்தான் தெரியும் அளவுக்கு மூடிக்கொண்டது. ஒரு வருடம் முழுவதும் கவனித்துவிட்டுத்தான் எந்த வைத்தியமும் செய்ய வேண்டும். முடியிழை அளவு வெடிப்பு என்றால் கருப்பு மெழுகைத் தேய்த்து விடுவதே போதும்.

விற்றவரோடு நடந்த பேச்சு ஐந்து மாதம் நீண்டது. "மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும் மேடம், அது இயற்கை" என்றார். குறை சொல்ல ஏழு நாள்தான் அவகாசம் என்று ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் விடவில்லை. மூன்று காய்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார், கூரியருக்கு 1,150 ரூபாய் என் கையிலிருந்து போனது. இரண்டு மாதம் கழித்து வந்த ராஜா மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் ஒல்லி, இடுப்பில் பழுப்பு வரிகள் வேறு. கருங்காலியின் வைரம், அதாவது நடுமரம்தான் கருப்பு, ஓரத்துக் கட்டை வெளிறியே இருக்கும். ஆகவே வரி இருப்பது பொய் மரம் என்பதற்கு அடையாளம் அல்ல. ஆனால் ஒரே தொகுதியில் ஒன்று மட்டும் வேறாக நிற்பது கண்ணை உறுத்துகிறது. கடைசியில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் புகார் செய்தேன். அதன் பிறகுதான் அவர் குரல் மாறியது. 9,000 ரூபாய் திருப்பித் தந்தார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இது தெரிந்திருந்தால் முதல் மாதத்திலேயே நான் கெஞ்சுவதை நிறுத்தியிருப்பேன்.

இனி ஒரு விலையுயர்ந்த தொகுதி வாங்குவதாக இருந்தால் பணம் அனுப்பும் முன் நான் கேட்பவை இவை. அடியில் துணி ஒட்டுவதற்கு முன் 34 காய்களையும் கவிழ்த்து வைத்து எடுத்த படம் வேண்டும். அதில் மரத்தின் வெட்டுமுகமும் உலோகம் அடைத்த இடமும் தெரியும், சாயமா வைரமா என்பதும் தெரிந்துவிடும். வெடித்தால் ஆறு மாதத்துக்காவது மாற்றித் தருவேன் என்பது எழுத்தில் வேண்டும், வாய்வார்த்தை போதாது. மாற்றித் தரும் காய் அதே கட்டையின் நிறத்தில் இருக்குமா என்பதையும் கேட்க வேண்டும். பார்சலைத் திறப்பதை வீடியோ எடுக்க வேண்டும், வந்த அன்றே ஒவ்வொரு காயையும் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே கடகடவென்றால் எடை பெயர்ந்திருக்கிறது. கருங்காலி மாலை வாங்குகிறவர்கள் தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் வழக்கம். ஈயம் வைத்த காயில் அந்தச் சோதனை செல்லாது. எந்த மரமாக இருந்தாலும் அது மூழ்கும், மெருகும் துணியும் கெட்டதுதான் மிச்சமாக இருக்கும்.

இதற்கிடையில் பலகை. காய்கள் வந்த புதிதிலேயே, 57 மில்லிமீட்டர் கட்டத்தில் ஒன்று செய்து தரும்படி எங்கள் பகுதித் தச்சர் ஒருவரிடம் கேட்டிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய, தொழில் சுத்தமான மனிதர். மஞ்சக்கடம்பும் ஈட்டியும் மாற்றி மாற்றி 64 சதுரக் கட்டைகள், சுற்றிலும் தேக்குச் சட்டம். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் இழை அளவு இடைவெளி விட்டிருந்தார். எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. இடைவெளியே தெரியாமல் பசை போட்டு இறுக்கித் தாருங்கள் ஐயா என்றேன். "பலகைக்கு மூச்சுவிட இடம் வேண்டும் தாயி, இல்லாவிட்டால் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும்" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. மனமில்லாமல் செய்து கொடுத்தார். 8,700 ரூபாய். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவெல்லாம் தண்ணீர், வீட்டில் மின்சாரம் இல்லாத நாட்கள், சுவரெல்லாம் வியர்த்தது. புயல் ஓய்ந்து பலகையை எடுத்தால் சட்டத்தின் இரண்டு மூலைகள் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றன, நடுப்பகுதி முதுகு காட்டியிருந்தது. ராஜாவை வைத்தால் ஆடியது. அத்தனை அகலமான முழுமரம் ஈரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் வரை விரியும். போக இடமில்லாவிட்டால் அது சட்டத்தைத்தான் உடைக்கும். ஊரே தண்ணீரில் நின்ற நேரத்தில் ஒரு பலகைக்காக வருந்துவதற்கே வெட்கமாக இருந்தது, வருந்தவும் செய்தேன்.

தச்சரிடம் எடுத்துப்போனேன். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. திருப்பிப் பார்த்துவிட்டு, "சட்டத்தை அறுத்து எடுத்துவிடுகிறேன், ஒரு கோடை போகட்டும்" என்றார். வேலைக்குப் பணமும் வாங்கவில்லை. தொழில் தெரிந்தவர் இரண்டாம் முறை ஒன்றைச் சொல்கிறார் என்றால் நம் அழகுணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். முழுமரப் பலகை செய்ய விரும்பினால் சட்டத்தில் காடி வெட்டி, பலகை அதற்குள் பசையில்லாமல் நகரும்படி விடச் சொல்லுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு வெனீர் பலகைதான். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் அல்லது நல்ல ப்ளைவுட்டின்மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டியது. வெனீர் என்றால் மட்டம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது, அது தவறு. வாங்கும்போது பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஒட்டியதுபோலக் கீழேயும் தகடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை ஒரு மழைக்காலத்துக்குள் அப்பளம்போல வளைந்துவிடும். மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டாம், விளக்கொளி அதில் விழுந்து வயதானவர் கண்ணைக் கூசச் செய்யும். மாமாவுக்காக நான் மங்கிய மெருகையே தேர்ந்தெடுத்தேன்.

கடைசித் தவறைச் சுருக்கமாகச் சொல்ல ஆசை, ஆனால் அதில்தான் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அன்று வீட்டில் மாமா குழந்தைபோலக் கைதட்டினார். அந்த உற்சாகத்திலேயே நான் மறுபடி தேட ஆரம்பித்தேன். நீலகிரியில் ஓர் எஸ்டேட் துரை விட்டுப்போனது, நூறு வருடத்துக்கு மேல் பழமையான ஜேக்ஸ் காய்கள் என்று ஒருவர் விளம்பரம் செய்திருந்தார். இன்று போட்டிகளில் ஆடுகிற காய்களின் வடிவம் 1849இல் லண்டனில் நதானியல் குக் என்பவர் பெயரில் பதிவானது. அதைக் கடைந்து விற்றது ஜேக்ஸ் நிறுவனம், அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயரை வடிவத்துக்குச் சூட்டினார்கள். அந்த மூலத் தொகுதி ஒன்று நம் வீட்டில் என்ற நினைப்பே எனக்குப் போதையாக இருந்தது. விலை 60,000, முன்பணம் 15,000. வேறு இருவர் கேட்கிறார்கள், இன்றே அனுப்புங்கள் என்றார். 2025 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதிய உணவு இடைவேளையில் அனுப்பிவிட்டேன்.

அனுப்பியபின்தான் படித்தேன். பழைய ஜேக்ஸ் காய்களில் வெள்ளை ராஜாவின் அடி விளிம்பில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். யானையிலும் குதிரையிலும் சிறிய கிரீட முத்திரை இருக்கும், ஆனால் ராஜா பக்கத்து யானைக்கும் ராஜா பக்கத்துக் குதிரைக்கும் மட்டும்தான். அக்காலத்தில் நகர்வுகளைக் குறிக்கும்போது ராஜாவின் யானை, ராணியின் யானை என்று பிரித்து எழுதினார்கள். ஆட்டத்தின் நடுவில் எது எது என்று அடையாளம் தெரிவதற்காகத்தான் அந்தக் கிரீடம். நான் முத்திரைக்குப் படம் கேட்டேன். அவர் ஆர்வமாக அனுப்பினார். நாலு யானைகளிலும் கிரீடம், நாலு குதிரைகளிலும் கிரீடம். என் கை சில்லிட்டுவிட்டது. ஏன் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று கேட்ட அரை மணி நேரத்தில் அவருடைய எண் செயலிழந்தது. புதுக் காய்களுக்குத் தேநீர் நிறம் ஏற்றி, மூலைகளைத் தேய்த்துப் பழசாக்கி, அப்படியே சொல்லியே விற்கிற நேர்மையான பட்டறைகளும் உண்டு. அவர்களுடைய சரக்கைத்தான் இவர் தன் கதைக்குப் பயன்படுத்தியிருந்தார். பழம்பொருளுக்குக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். "இன்றே" என்று அவசரப்படுத்துகிறவரிடம் நாளைக்குக்கூட வாங்காதீர்கள். தந்தக் காய் என்று யாராவது காட்டினால் அழகைக்கூட ரசிக்க நிற்க வேண்டாம். நம் நாட்டில் யானைத் தந்தம் வாங்குவதும் விற்பதும் சட்டவிரோதம்.

அன்று இரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எட்டாயிரம் என்ற பொய்யையும் சேர்த்து. அவர் கோபப்பட்டது பணத்துக்கல்ல. "இரண்டு வருடமாக இதைத் தனியாகவா சுமந்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டார். மறுநாள் மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கருங்காலி ராணியைக் கையில் எடுத்து வெடிப்பைப் பார்த்தார். "இது எனக்கு முன்னமே தெரியும் அம்மா, நீ வருத்தப்படுவாய் என்று கேட்கவில்லை" என்றார்.

இப்போது வீட்டில் இருப்பது ஷீஷமும் பாக்ஸ்வுட்டும் கொண்ட மூன்றே முக்கால் அங்குலக் காய்கள், 7,800 ரூபாய். இரண்டு பக்கமும் தகடு ஒட்டிய வெனீர் பலகை, 6,500 ரூபாய். ஏப்ரலிலும் நவம்பரிலும் காய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. மேசைக்கடியில் கோரைப்பாய் விரித்திருக்கிறோம், ஏனென்றால் டைல்ஸ் தரையில் விழுந்தால் குதிரையின் காதும் ராஜாவின் சிலுவையும்தான் முதலில் போகும். கருங்காலித் தொகுதியை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுக்கிறோம். பழுப்பு வரி ராஜா, வெடித்த ராணி எல்லாம் அதனதன் கட்டத்தில் நிற்கின்றன. மாமா எப்போதும் கருப்பைத்தான் கேட்கிறார்.